பதினெட்டு ஜோடிச் செருப்பும் ஒரு மாடிப்படியும்

திருத்தணி மலைப்படிக்கட்டு தொடங்கும் இடத்தில், தேங்காய்க் கடைகள் முடிந்து முதல் படி வருவதற்கு முன்னால், இடது கைப்பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள் சாக்கு விரித்துத் தரையில் உட்கார்ந்திருப்பவள் குப்பம்மாள். சாமி பார்க்க ஏறுகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். இருபத்திரண்டு வருஷத்தில் சாக்குகள் எத்தனையோ கிழிந்து மாறிவிட்டன, உட்காரும் இடம் மட்டும் மாறவில்லை.

டோக்கன் கொடுக்கிற வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. வருகிறவர் செருப்பைக் கழற்றியதும் ஒரு தடவை முகத்தைப் பார்ப்பாள், ஒரு தடவை பாதத்தைப் பார்ப்பாள். ஜோடியின் வாரில் கயிற்றைக் கோத்து ஒரு சுருக்குப் போடுவாள். அடுத்த ஜோடி அதே கயிற்றில் அடுத்த சுருக்கு. இப்படிச் சரம் சரமாகக் கட்டி வைத்திருப்பாள். எந்த நுனியை இழுத்தால் அவிழும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும், வேறு யாராவது இழுத்தால் இன்னும் இறுகிக்கொள்ளும். ஏறிப் போகும்போது முடியோடு போன ஆள், இறங்கும்போது மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வருவார். பெற்ற பிள்ளையே ஒரு நிமிஷம் திகைக்கும். குப்பம்மாள் திகைக்க மாட்டாள், பாதத்தையும் பார்த்து வைப்பது அதற்காகத்தான். டோக்கன் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு அவளிடம் இரண்டே வார்த்தைதான் பதில்.

“மொகம் போதும்.”

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில்கூட ஒரு ஜோடி மாறியதில்லை. இதைப் பெருமையாக அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால்தான் யார் கேட்கப்போகிறார்கள்? செருப்புத் திரும்பக் கிடைத்ததும் முகத்தைக்கூடப் பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம்.

பிறந்தது திருவாலங்காட்டுப் பக்கம், கரும்பு வெட்டுகிற குடும்பத்தில். வாக்கப்பட்டு வந்தது திருத்தணிக்கு. புருஷன் பக்தவச்சலம் அரக்கோணத்தில் மூட்டை தூக்கப் போவான். வீடு என்று ஓர் அறை, அந்த அறையின் சுவரில் காரை பெயர்ந்த இடத்தை மறைத்து ஒரு பழைய காலண்டர் படம். டூவீலர் மெக்கானிக் காதர், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் கடை பெயர் போட்டு அடித்துக் கொடுத்தது. தேதித் தாள் எல்லாம் அந்த வருஷமே கிழிந்து போயிற்று, படம் நின்றுவிட்டது.

படத்தில் இருப்பது ஆழிக்குப்பம் அரண்மனை. கடலை ஒட்டி ஏதோ ஒரு ராஜா கட்டியது. பூண்டு மாதிரி பருத்துக் கூர்ந்த கும்மட்டங்கள், லாடம் போல வளைந்த வாசல்கள், நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி வைத்த ஜன்னல்கள். நம் பக்கத்துக் கட்டிடம் எதிலும் சேராத கட்டிடம். குப்பம்மாளுக்கு அந்த ஜன்னல்கள் மனப்பாடம். அவளை உறுத்திக்கொண்டே இருந்தது வேறு ஒன்று. படத்தின் இடது ஓரத்தில் ஒரு மாடிப்படி ஏறுகிறது. சுழன்று ஏறி, ஏழாவது படியில் படம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் எங்கே போகிறது என்று தெரியாது. நாள் முழுக்க ஒரு படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து அடுத்தவர் ஏறுவதைப் பார்க்கிறவள், வீட்டுக்கு வந்தும் இன்னொரு படிக்கட்டின் அடியில் படுத்துத் தூங்கினாள். ஒருநாள் அதில் ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதை யார் தப்புச் சொல்ல முடியும்?

அதனால்தான், மகளிர் குழுத் தலைவி காஞ்சனா, “இந்த வாட்டி டூர் ஆழிக்குப்பம் போலாமா?” என்று கூட்டத்தில் கேட்டபோது, எப்போதும் பின்வரிசையில் வாயே திறக்காத குப்பம்மாள் முதலில் கை தூக்கினாள். டூருக்கு எல்லோரும் கொடுத்த பணத்தைத்தான் அவளும் கொடுத்தாள். ஒரு பைசா குறைத்துக் கொடுக்கவில்லை. இது இப்போதே சொல்லிவைக்க வேண்டிய விஷயம்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கு வேன் கிளம்பியது. பதினெட்டுப் பெண்கள். குப்பம்மாள் பக்கத்தில் காதரின் மனைவி ரம்ஜான் பீ உட்கார்ந்தாள். மலையடிவாரத்தில் வளையல் கடை வைத்திருப்பவள், குப்பம்மாளுக்கு நெருக்கம். வழியெல்லாம் பாட்டும் புளியோதரையுமாகப் போனார்கள். மதியம் ஒன்றரை மணிக்கு வேன் அரண்மனை மதிலோரம் நின்றது. இறங்கியதும் குப்பம்மாள் முதலில் பார்த்தது இடது பக்கத்தைத்தான். படத்தில் இருந்தது போலவே மாடிப்படி சுழன்று ஏறியது. ஏழாவது படிக்கு மேலும் படிகள் இருந்தன. அதற்கு மேல் ஒரு வளைவு மறைத்தது.

காஞ்சனா சீட்டு வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தாள். வாசலில் ஒரு பலகை. முட்டை வெள்ளைக்கரு பூசி வழுவழுப்பாக்கிய பழைய தரை என்பதால் காலணி அணிந்து உள்ளே செல்லக் கூடாது. அதற்குக் கீழேயே இன்னொரு வரி: காலணிகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. செருப்பு வைக்க இடமும் கிடையாது, ஆளும் கிடையாது. ஒரு வாதாமரத்தடியில் வந்தவர்கள் எல்லாம் கழற்றி எறிந்த குவியல் கிடந்தது.

காஞ்சனா புதுச் செருப்பு போட்டிருந்தாள். குவியலைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், பிறகு குப்பம்மாளைப் பார்த்தாள்.

“குப்பம்மாக்கா, நீ இங்கயே கொஞ்சம் ஒக்காந்து பாத்துக்கயேன். உனக்குப் பழக்கந்தானே.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூட்டை தூக்குகிறவன் கல்யாணத்துக்கு வந்தால் அண்டாவைத் தூக்கச் சொல்வது, பெருக்குகிறவள் விருந்துக்கு வந்தால் இலை எடுக்கச் சொல்வது, எல்லாம் இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான். பழக்கந்தானே என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவன் வாயில் மண் விழ.

“நானும் பாக்கணும் காஞ்சனா,” என்றாள் குப்பம்மாள். “மாடி ஏறணும்.”

“அரை மணி நேரம். நாங்க வந்ததும் நீ போயேன். போட்டோ எல்லாம் எடுத்துகினு வரோம், உனக்குக் காட்டறோம். ஒண்ணும் போயிடாது.”

“மாத்தி மாத்தி ஒக்காரலாமே. முதல்ல நான் இருக்கேன்,” என்றாள் ரம்ஜான் பீ.

“அட நீ வா ரம்ஜான், க்ரூப் போட்டோ எடுக்கணும்,” என்று காஞ்சனா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பதினேழு பேரும் வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார்கள்.

க்ரூப் போட்டோவுக்குக் குப்பம்மாள் வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம்தான். ஆனால் அவள் கை இருக்கிறதே, அதற்கு ரோஷம் கிடையாது. அவளைக் கேட்காமலே அது பதினெட்டு ஜோடியையும் குவியலிலிருந்து பிரித்து எடுத்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த கயிற்றை எடுத்து, வாரில் கோத்துச் சுருக்குப் போட ஆரம்பித்துவிட்டது. முடித்துப் பார்த்தால் திருத்தணியில் தொங்குகிற மாதிரியே ஒரு சரம்.

இதற்கு நடுவில் ஒரு குடும்பம் வந்தது. கால் கட்டை விரலில் பிளாஸ்திரி ஒட்டிய அப்பா, அம்மா, இரண்டு பெண் குழந்தைகள். செருப்புச் சரத்தோடு ஒருத்தி மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் யாரும் என்ன நினைப்பார்கள்? நாலு பேரும் கழற்றி அவள் முன்னால் வைத்தார்கள்.

“டோக்கன் இல்லீங்களா?” என்று அந்த அம்மா கேட்டாள்.

“மொகம் போதும்,” என்றாள் குப்பம்மாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவர்கள் அதற்குள் போய்விட்டார்கள். குப்பம்மாள் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொண்டாள். காஞ்சனா சொன்னதாவது காஞ்சனா சொன்னது. இது அவளே வாயால் கேட்டு வாங்கிக்கொண்டது. நூற்று எழுபது கிலோமீட்டர் வேனில் வந்து, சீட்டு வாங்கிக்கொண்டு, ராஜா வாசலில் கடை போட்டாயிற்று.

அரை மணி ஆயிற்று. ஒரு மணி நேரமும் தாண்டிற்று. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஜன்னல் ஒன்றில் காஞ்சனாவின் மஞ்சள் புடவை தெரிந்தது, ராணி மாதிரி கன்னத்தில் கை வைத்துப் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். மணி மூன்றே முக்காலுக்கு ரம்ஜான் பீ மட்டும் வேகமாக வெளியே வந்தாள். மூச்சு வாங்கியது.

“அக்கா, மாடிய நாலு மணிக்குப் பூட்டிடுவாங்களாம். உள்ள போர்டு வெச்சிருக்கான். அதுங்க இன்னும் கீழயே கண்ணாடி ரூம்ல நின்னுகினு இருக்குதுங்க. சொன்னா கேக்கல. நீ எழுந்து போ, நான் ஒக்காந்துக்கறேன்.”

அவள் உட்காரப் போனாள். குப்பம்மாள் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு நிஜமான கோபம் வந்தது. இதுவரை தன்னை உட்கார வைத்துவிட்டார்களே என்ற கோபம். இப்போது தனக்குப் பதிலாக இன்னொருத்தி உட்கார வந்தது அதைவிடக் கோபம்.

“நீ எதுக்கு ஒக்காரணும்? நீயும் மாடி பாக்கலதானே?”

“பாக்கல. பரவால்லக்கா.”

“இன்னா பரவால்ல? யாரும் ஒக்கார வேணாம். எழுந்து வா.”

குழுவின் சரத்தை மரத்தின் வேரில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். அவர்கள் செருப்புக்கு அவள் வாக்குக் கொடுக்கவில்லை, அவர்களாக அவள் தலையில் கட்டிவிட்டுப் போனது. அந்தக் குடும்பத்தின் நாலு ஜோடி அப்படி இல்லை. அவற்றை நம்பி வாங்கி வைத்தவள் அவள். நாலையும் தனிக் கயிற்றில் கோத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வாசலில் சீருடைக் காவலர் கையை நீட்டித் தடுத்தார்.

“ஏம்மா, செருப்போட உள்ள போகக் கூடாது. போர்டு தெரியல?”

“தெரியுது. போட்டுகினு போகக் கூடாதுன்னு எழுதியிருக்குது. நான் போட்டுகினு போகல.”

காவலர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அப்படித்தான் எழுதியிருந்தது. பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ வெளிய செருப்பு பாத்துகிட்டு இருந்த பொம்பளதானே? வேலை செய்றவங்க இந்த வழியா போகக் கூடாது.”

குப்பம்மாள் ரவிக்கைக்குள்ளிருந்து சிறிய பர்ஸை எடுத்து, அதற்குள் நாலாய் மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்துப் பிரித்து, அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

“இதுல செருப்புக்காரின்னு எங்கயாச்சும் போட்டிருக்குதா, படிங்க.”

காவலர் சீட்டை உற்றுப் பார்த்தார்.

“பெரியவர் ஒண்ணுன்னு போட்டிருக்குது. அந்தப் பெரியவர் நான்தான். தள்ளுங்க.”

தள்ளி நின்றார். பின்னால் வந்த ரம்ஜான் பீ தன் சீட்டையும் எடுத்துக் காட்டினாள், யாரும் கேட்காமலே.

தர்பார் மண்டபத்தில் பர்மாத் தேக்குத் தூண்கள், காலுக்குச் சில்லென்ற தரை, சுவரில் கப்பல் படம் வரைந்த நீல ஓடுகள். குப்பம்மாள் முதலில் மனிதர்களைத் தேடினாள். தூணோரம் பிளாஸ்திரி விரல் தெரிந்தது. நேரே போய்ச் சுருக்கை இழுத்தாள், நாலு ஜோடியும் அவிழ்ந்து கைக்கு வந்தன.

“இந்தாங்க உங்களுது. பையில வெச்சுக்கோங்க. நான் இங்க வேலைக்கு இருக்கறவ இல்ல. சுத்திப் பாக்க வந்தவ.”

அந்த மனிதர் திடுக்கிட்டுப் போனார். “அய்யோ, மன்னிச்சுக்கங்க. உங்களப் பாத்ததும் நாங்க...”

“என்னைப் பாத்தா அப்பிடித்தான் தெரியும். அது எனக்கும் இப்பத்தான் தெரிஞ்சுது,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மாடிப்படியில் கயிறு கட்ட ஓர் ஆள் வந்துகொண்டிருந்தான். அவன் கட்டுவதற்கு முன்னால் இருவரும் ஏறிவிட்டார்கள். ஒன்று, இரண்டு என்று குப்பம்மாள் வாய்க்குள் எண்ணினாள். ஏழாவது படியில் ஒரு கணம் நின்றாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் அவளை நிறுத்தி வைத்த படி அது. எட்டாவது படியில் கால் வைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு ஏறினாள்.

வளைவு திரும்பியதும் கடல். மாடம் முழுக்கக் கடல்தான். இத்தனை நாள் படத்தில் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோமே, இந்த ராஜா வீட்டைக் கட்டியதே பின்பக்கத்துக்காகத்தானே என்று தோன்றியது. காற்று புடவையை அள்ளியது. ரம்ஜான் பீ முக்காட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. நடுவில் கண்ணாடிப் பெட்டி, அதன் மேல் ஒரு விளக்கு. பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டு விரித்து அதில் இரண்டு பாதக்குறடுகள். சந்தனக் கட்டையில் செய்து வெள்ளிப் பூண் போட்டவை. மகாராஜா அணிந்த பாதக்குறடுகள் என்று எழுதியிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் கைவைத்த நாற்காலி போட்டு, சீருடையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் ஃபேன் ஓடியது.

“நீங்க இங்க இன்னா வேலைங்க?” என்று குப்பம்மாள் கேட்டாள்.

“இதுக்குக் காவல்மா.”

“இதுக்கு மட்டுமா?”

“ஆமா.”

குப்பம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை, ரம்ஜான் பீ பயந்துபோய் அவள் கையைப் பிடித்தாள். செத்து நூறு வருஷத்துக்கு மேலான ஒருத்தனின் செருப்புக்கு வெல்வெட்டு, விளக்கு, பூட்டு, சம்பளத்துக்கு ஓர் ஆள். உயிரோடு இருக்கிறவர்கள் கழற்றிப் போட்டதற்கு மட்டும் நிர்வாகம் பொறுப்பல்ல.

சிரித்து முடித்தவள் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. ஒன்றைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள், சுற்றி வந்து குதிகால் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

“ஐயா, இது ஜோடி இல்லீங்க.”

“என்னம்மா?”

“ரெண்டும் எடங்காலு. கட்டைவிரல் அழுத்துன பள்ளம் ரெண்டுலயும் ஒரே பக்கம் இருக்குது, பாருங்க. இதுல குதிகால் ஆழமா எறங்கியிருக்குது, கனத்த ஆளு. அது லேசான ஆளு. ரெண்டு பேரோடத எடுத்து ஒண்ணா வெச்சிருக்காங்க.”

காவலர் நாற்காலியிலிருந்து எழுந்தார். கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“பதினோரு வருஷமா இங்க ஒக்காந்திருக்கேன்,” என்றார். “எத்தனையோ பெரிய ஆளுங்க வந்துட்டுப் போயிட்டாங்க. யாரும் சொன்னதில்லையே.”

“யாரும் செருப்பப் பாக்க மாட்டாங்கய்யா,” என்றாள் குப்பம்மாள்.

அவர்கள் இறங்கியபோது படியில் கயிறு கட்டியாகிவிட்டது. கீழே வாதாமரத்தடியில் ஒரே ரகளை. பதினாறு பேரும் சரத்தைச் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்திருந்தார்கள். ஒவ்வொரு சுருக்கும் கல்லாக இறுகியிருந்தது. வெயிலில் காய்ந்த மணல் சுட, காஞ்சனா ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள்.

“எங்கக்கா போன நீ? பாத்துக்கச் சொன்னா இப்பிடி மரத்துல கட்டி வெச்சிட்டுப் போயிட்டயே. எவ்ளோ நேரமா நின்னுகினு இருக்கோம் தெரியுமா?”

“அரண்மனை பாக்கப் போனேன்.”

“மாடியப் பூட்டிட்டான். நாங்க ஒருத்தரும் பாக்கல. நீ எப்பிடிப் போன?”

“நடந்துதான் போனேன்.”

குனிந்து, எல்லோரும் இழுத்த நுனிகளை விட்டு, யாரும் தொடாத ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். முதல் இழுப்புக்கு அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தாள். வரிசையாகப் பதினெட்டும் அவிழ்ந்து மணலில் விழுந்தன. தன்னுடையதை மட்டும் மாட்டிக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை.

வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் யாரும் பாட்டுப் பாடவில்லை. கடல் கண்ணிலிருந்து மறைந்த பிறகு, முன் இருக்கையிலிருந்து காஞ்சனா திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

“அக்கா, மாடியில இன்னாதான் இருந்துச்சு? சொல்லேன்.”

சொல்ல வேண்டாம் என்றுதான் குப்பம்மாள் நினைத்தாள். ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“கடல் தெரிஞ்சுது. அப்பறம் செருப்பு இருந்துச்சு.”

“செருப்பா?”

“ஆங். ராஜாவோட செருப்பு. அதையும் ஒருத்தர் பாத்துகினு இருந்தாரு. அவருக்கு நாற்காலி போட்டிருக்காங்க. ஃபேன் போட்டிருக்காங்க. பதினோரு வருஷமா பாத்துகினு இருக்காரு. ரெண்டும் எடங்காலு, அதுகூட அவருக்குத் தெரியல.” குப்பம்மாள் ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். “என்னை நீ மண்ணுல ஒக்காரச் சொன்ன, காஞ்சனா. ஒக்காரறியான்னுகூடக் கேக்கல, பழக்கந்தானேன்னு சொன்ன. நானும் ஒக்காந்தேன். பதினெட்டு ஜோடி. எல்லாருக்கும் அவங்கவங்களுது சரியா வந்துச்சா, பாத்துக்கோங்க.”

 வேனில் இருந்த ஒவ்வொருத்தியும் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.